மீன்கொத்திக்கு எத்தனை நீலம் வேண்டும்? (கேன்வாஸ் தையல், நூல் நிறம்)

நூலாம்படை

எல்லோருக்கும் வணக்கம். கிராஸ் ஸ்டிச்சில் நாலைந்து வருடம் கை பழகியிருக்கிறது. நீடில்பாயிண்ட், அதாவது கேன்வாஸ் முழுவதையும் தையலால் நிரப்புவது, இதுதான் முதல் தடவை.

அங்குலத்துக்கு 13 கண் உள்ள கேன்வாஸ். 12-க்கு 12 அங்குலம், குஷன் உறைக்கு. நாணல் தண்டில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தி. வண்ணம் தீட்டிய கேன்வாஸ் இல்லை, நானே வரைந்த வெறும் கோட்டுப்படம். அதனால் நிறத்துக்கும் நானே பொறுப்பு.

எடுத்திருப்பது எல்லாம் டிஎம்சி நிறுவனத்தின் ஆறிழைப் பருத்தி நூல், அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு எண். நீலத்தில் மட்டும் ஒன்பது: 939, 823, 336, 3765, 995, 3843, 996, 3846, 3761. மார்புக்கு 921, 922. தொண்டைக்கு பிளாங்க் என்ற வெள்ளை. பின்னணி வானம்தானே என்று வெளிர் நீலம் நினைத்திருந்தேன்.

தலையும் முதுகில் பாதியும் தைத்தாகிவிட்டது. மடியில் வைத்துப் பார்த்தால் அவ்வளவு அழகு. நேற்று அதை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு, அறையின் அந்தக் கோடியிலிருந்து திரும்பிப் பார்த்தேன். பறவையைக் காணோம். ஒரு நீல உருண்டை, அதன் கீழே ஒரு ஆரஞ்சுத் திட்டு, அவ்வளவுதான். ஒன்பது நீலம் போட்டும் ஏன் இப்படி? இன்னும் நாலு நீலம் சேர்த்தால் சரியாகுமா?

ஊசிமுனை

சேர்க்காதீர்கள். குறையுங்கள்.

இப்போதே ஒரு வேலை செய்யுங்கள். ஒன்பது கட்டு நூலையும் வரிசையாக வைத்து, கைபேசியில் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். மார்புக்கு எடுத்த இரண்டையும் பக்கத்திலேயே வையுங்கள். எத்தனை சாம்பல் தெரிகிறது என்று எண்ணிச் சொல்லுங்கள். மீதியை அப்புறம் பேசலாம்.

பொத்தான்

நான் கிட் வாங்குகிற கட்சி. நூலும் அவர்களே கொடுத்துவிடுவார்கள், சண்டையே கிடையாது. ஆனாலும் இந்த இழையைத் தொடரப் போகிறேன், அடுத்தவர் பிரித்துத் தைப்பதைப் பார்ப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது.

நூலாம்படை

பொத்தான், உங்கள் வாய்க்கு ஒரு தையல் போட வேண்டும்.

ஊசிமுனை அக்கா, எடுத்துப் பார்த்தேன். அதிர்ச்சிதான். 939, 823, 336 மூன்றும் ஒரே கறுப்புச் சாம்பல், எது எது என்றே சொல்ல முடியவில்லை. 3765, 995, 3843 மூன்றும் நடுவில் ஒரு கூட்டம். 996-ம் 3846-ம் அச்சு அசல் ஒன்று. 3761 மட்டும்தான் தனியாக நிற்கிறது. ஆக, ஒன்பது என்று நினைத்துக்கொண்டு நான் வைத்திருந்தது நாலு.

இதைவிட மோசம், மார்புக்கு எடுத்த 921-ம் முதுகின் 995-ம் கிட்டத்தட்ட ஒரே சாம்பல்! நேரில் பார்த்தால் ஒன்று பளிச்சென்ற நீலம், இன்னொன்று செம்பு நிறம். படத்தில் இரண்டுக்கும் நடுவே கோடுகூடத் தெரியவில்லை.

ஊசிமுனை

அதுதான் விஷயம். தூரத்திலிருந்து பார்க்கும்போது உருவத்தைக் காட்டுவது நிறம் இல்லை. எது அழுத்தம், எது வெளிறல் என்பதுதான். இதை நான் அழுத்தம் என்றே சொல்லிப் பழகிவிட்டேன், பயிற்சி வகுப்புகளில் வேறு சொல் சொல்வார்கள். நீலம், பச்சை என்ற பெயரெல்லாம் அதற்கு மேலே போர்த்துகிற துணி மாதிரி. உள்ளே எலும்பு இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல துணி போர்த்தினாலும் சரிந்துதான் கிடக்கும்.

நூல் எண்களை நம்பி ஏமாறாதீர்கள். டிஎம்சியில் அடுத்தடுத்த எண் என்றால் அடுத்தடுத்த அழுத்தம் என்று கிடையாது. 930, 931, 932 வரை ஒழுங்காக வெளிறிக்கொண்டு வரும். அதே குடும்பத்தின் அடுத்த இரண்டும் 3752, 3753 என்று எங்கேயோ போய் உட்கார்ந்திருக்கும், அந்தக் குடும்பத்திலேயே மிக அழுத்தமானது 3750. பிறகு சேர்த்த நிறங்களுக்குப் பிறகு வந்த எண். 2017-ல் 35 நிறம் புதிதாக வந்தபோது அவற்றுக்கு 01 முதல் 35 வரை எண் போட்டார்கள், அதற்கும் பழைய வரிசைக்கும் சம்பந்தமே இல்லை. ஆப்பிள்டன் கம்பளி நூலில் குடும்பம் குடும்பமாக எண் இருக்கும், கடைசி இலக்கம் ஏற ஏற அழுத்தம் ஏறும். பாட்டர்னாயன் என்ற இன்னொரு கம்பளி நூலில் நேர் தலைகீழ். எண்ணைப் பார்க்காமல் நூலைப் பாருங்கள்.

உங்கள் பறவைக்கு நாலு நீலம் போதும்: 939, 995, 996, 3761. நாலுக்கும் நடுவில் நல்ல இடைவெளி இருக்கிறது.

கட்டம்போட்டவன்

எனக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிந்து தெரியாது. பிறவியிலேயே அப்படி. ஆண்களில் சுமார் பன்னிரண்டில் ஒருவருக்கு இது இருக்கிறது, ஆனால் தையல் பேசுகிற இடங்களில் இதைப் பற்றி யாரும் பேசிப் பார்த்ததில்லை.

ஊசிமுனை அக்கா சொல்வதை நான் வேறு வழியில்லாமல் கற்றுக்கொண்டேன். எனக்கு அழுத்தம் மட்டும்தான் நம்பகம். முதல் முதலில் தைத்தது ஒரு செடி. தண்டுக்கு எடுத்த பழுப்பும் இலைக்கு எடுத்த பச்சையும் ஒரே அழுத்தம், எண் எழுதின காகிதப் பட்டையை வேறு உருவிப் போட்டுவிட்டேன். மூன்று இலை பழுப்பில் தைத்து முடித்த பிறகு தங்கை வந்து, "அண்ணா, செடிக்குத் தண்ணீர் ஊற்றவில்லையா?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து ஒரு துளை போட்ட அட்டை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு துளையிலும் ஒரு நூல், பக்கத்தில் எண். பக்கத்துப் பக்கத்தில் வரும் இரண்டு நிறம் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒன்றாகத் தெரிந்தால், அதில் ஒன்றை மாற்றிவிடுவேன். இதில் ஒரு வேடிக்கை என்ன என்றால், கண் நன்றாகத் தெரிகிறவர்கள் என் வேலையைப் பார்த்து "தெளிவாக இருக்கிறது" என்கிறார்கள்.

நீலமும் ஆரஞ்சும் எனக்கு நன்றாகப் பிரிந்து தெரியும். உங்கள் மீன்கொத்தியை என்னாலும் தைக்க முடியும்.

முடிச்சு

எதற்கு இவ்வளவு சுற்றல்? பறவையைச் சுற்றி 310-ல் ஒரு வரி கறுப்பு ஓட்டிவிட்டால் உருவம் நின்றுவிடும். கிராஸ் ஸ்டிச்சில் பின்தையல் போட்டு எல்லாவற்றையும் நாம் இப்படித்தானே காப்பாற்றுகிறோம்.

ஊசிமுனை

கிராஸ் ஸ்டிச்சில் ஓரம் போடுவது ஓரிழை, மெல்லிய கோடு. இங்கே ஒரு வரி என்றால் ஒரு முழுக் கட்ட அகலம், அதுவும் படிக்கட்டு படிக்கட்டாக இறங்கும். பறவை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி ஆகிவிடும். அந்தத் தோற்றம்தான் வேண்டும் என்றால் சரி, இல்லை என்றால் வேண்டாம்.

கோடு தேவைப்படும் இடம் ஒன்றே ஒன்று: சிறகு மார்பைத் தொடும் இடம். அங்கேதான் 995-ம் 921-ம் முட்டிக்கொள்கின்றன. சிறகின் விளிம்பில் ஒரு வரிசை 939, அதை ஒட்டி மார்புப் பக்கம் ஒரு வரிசை 919, அது 921-ஐவிட அழுத்தமான செம்பு நிறம். நிழல் மாதிரி உட்கார்ந்துவிடும். மற்ற ஓரங்களைப் பின்னணி பார்த்துக்கொள்ளும்.

முடிச்சு

நான் பத்து வருடமாக 310-ல் ஓரம் கட்டுகிறேன், யாரும் ஸ்டிக்கர் என்று சொன்னதில்லை.

பொத்தான்

உங்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க மாட்டார்கள்.

சாயக்காரர்

கறுப்பு பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன். நான் நூல் சாயம் போடும் வேலையில் இருந்தவன், தைக்கிறவள் என் மனைவி.

பாரிஸில் கோபலின் என்ற திரைச்சீலை நெசவுக்கூடம். 1824-ல் செவ்ரல் என்ற வேதியியலாளரை அங்கே சாயப் பிரிவுக்குத் தலைவராகப் போடுகிறார்கள். வந்து சேர்ந்த புகார்களில் ஒன்று, நீல, ஊதாத் துணி மடிப்புகளில் நிழலுக்குப் போடும் கறுப்பு நூல் சோகையாக இருக்கிறது, சாயம் சரியில்லை என்பது. அவர் மற்ற இடங்களின் கறுப்பு நூலை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை. நீலத்துக்குப் பக்கத்தில் வைத்ததுதான் குறை. ஒரு நிறம் தன் எதிர்நிறத்தின் சாயலைப் பக்கத்து நிறத்தின் மேல் ஏற்றிவிடுகிறது. நீலத்துக்கு எதிர் ஆரஞ்சு. அந்தச் சாயல் படிந்ததும் கறுப்பின் பலம் போய்விடுகிறது. இதைத் தோண்டிக்கொண்டே போய் 1839-ல் பெரிய புத்தகமே போட்டார். ஓவியர்கள் அதைக் கொண்டாடினார்கள், ஆனால் அது பிறந்தது நூல் தொட்டியில் என்பதில் எனக்கு ஒரு அற்பப் பெருமை.

ஆகவே முடிச்சு சொன்ன 310, நீலத்தை ஒட்டி வரும்போது அவர் எதிர்பார்க்கும் கறுப்பாக இருக்காது. 939 கருநீலம், அது அந்த இடத்தில் கறுப்பைவிட ஆழமாகத் தெரியும்.

அதே விதி உங்களுக்கு நல்லதும் செய்யும், நூலாம்படை. நீலமும் ஆரஞ்சும் எதிரெதிர். ஒன்றையொன்று தூக்கிவிடும். கடையில் தனியாகப் பார்த்தபோது மங்கலாக இருந்த 921, பறவையில் உட்கார்ந்ததும் நெருப்பு மாதிரி தெரியும். "ஆரஞ்சு போதவில்லை" என்று இப்போதே மாற்றிவிடாதீர்கள். வெளிர் நீல வானம் வேண்டாம். பறவையின் நீலத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நீலத்தை வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும்.

நூலாம்படை

இதைப் படித்துவிட்டு 921-ஐ 995-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், பிறகு 921-ஐ மட்டும் ஒரு செங்கல் நிறத் துணி மேல் வைத்தேன். ஒரே நூல், இரண்டு வேறு நூல் மாதிரி இருக்கிறது. பயமாகக்கூட இருக்கிறது, எதை நம்புவது?

இன்னொரு சந்தேகம். நிஜ மீன்கொத்தியின் முதுகில் ஒரு மினுக்கம் இருக்கிறதே, மயில் கழுத்து மாதிரி. அதற்காகத்தான் இத்தனை நீலம் வாங்கினேன். நாலோடு நிறுத்தினால் அது வருமா?

சாயக்காரர்

அது எந்தச் சாயத்திலும் வராது, ஏனென்றால் பறவையிடமே நீலச் சாயம் இல்லை. மார்பின் ஆரஞ்சு நிறமிதான். முதுகின் நீலம் அப்படி இல்லை, இறகுக்குள் இருக்கும் பஞ்சு போன்ற நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. அதனால்தான் வெளிச்சம் மாறும்போதெல்லாம் நீலமும் மாறித் தெரிகிறது. நீங்கள் ஒன்பது கட்டு வாங்கியதில் தப்பில்லை, பறவை உங்களை ஏமாற்றிவிட்டது.

மினுக்கத்தை நிறத்தில் தேடாமல் நூலின் பளபளப்பில் தேடுங்கள். பட்டு அல்லது பேர்ல் காட்டன் என்ற பளபளப்பான முறுக்குப் பருத்தி நூல், வெளிச்சம் படும் கோணத்துக்கு ஏற்ப மாறும். கம்பளி ஒளியை விழுங்கும். முதுகின் நடுவில் மட்டும் பளபளப்பு நூல், மற்றதெல்லாம் மங்கல் நூல் என்றால் கண் அங்கேயே போய் நிற்கும்.

ஊசிமுனை

இன்னொரு வழியும் இருக்கிறது, புது நூல் வாங்காமலே. ஊசியில் நிறத்தைக் கலப்பது. ஆறு இழையில் நாலு இழை 996, இரண்டு இழை 3846 சேர்த்து ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். அடுத்த பகுதியில் மூன்றுக்கு மூன்று. அதற்கடுத்து 996 இரண்டு, 3846 நாலு. 996-ம் 3846-ம் ஒரே அழுத்தம் என்று நீங்கள்தானே கண்டுபிடித்தீர்கள். ஒன்று நீலம், மற்றது பச்சை கலந்த நீலம். அழுத்தம் ஒன்றாக இருந்து நிறம் மட்டும் வேறாக இருக்கும் இரண்டு இழை கலந்தால்தான் அந்தத் துடிப்பு வரும். அழுத்தமும் வேறாக இருந்தால் புள்ளி புள்ளியாகப் பொரிந்த மாதிரி ஆகிவிடும், மரப்பட்டைக்கு அது நல்லது, இறகுக்கு ஆகாது.

ஆறு இழையையும் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து மறுபடி சேர்த்துக் கோத்துக்கொள்ளுங்கள். சோம்பேறித்தனம் பார்த்து அப்படியே கோர்த்தால் முறுக்கோடு உட்கார்ந்து கேன்வாஸின் வெள்ளை பல்லிளிக்கும்.

அப்புறம், சாயல் மாறி மாறி வரும் நூலை யாராவது சிபாரிசு செய்வார்கள். அதைப் பாஸ்கெட்வீவில், அதாவது மூலைவாட்டு வரிசைகளாகத் தைக்கும் முறையில், போட்டால் மூலைவாட்டில் திட்டுத் திட்டாக விழும், வரிசையாகப் போட்டால் கோடு கோடாக. தண்ணீருக்குக் கோடு நன்றாக இருக்கும். பறவைக்கு எது வேண்டும் என்று தைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வெள்ளெழுத்து

எல்லோரும் நிறத்தைப் பேசுகிறீர்கள், எந்த வெளிச்சத்தில் பார்த்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லையே!

நூலாம்படை, அந்த ஒன்பதையும் எப்போது தேர்ந்தெடுத்தீர்கள்? ராத்திரி விளக்கடியிலா? மஞ்சள் பல்பில் நீலம் எல்லாம் செத்துப் போகும், ஆரஞ்சு எல்லாம் உயிர்த்தெழும். நேர் வெயிலும் ஆகாது, வெளிறிக் காட்டும். வெயில் நேராகப் படாத ஜன்னல் பக்கம், காலை பத்துக்கும் மதியம் மூன்றுக்கும் நடுவில் பார்க்க வேண்டும். ராத்திரியில்தான் நேரம் கிடைக்கும் என்றால் பெட்டியில் 5000 அல்லது 6500 கெல்வின் என்று போட்டிருக்கும் பல்ப் வாங்குங்கள், நிறம் காட்டும் குறியீடு (சிஆர்ஐ) 90-க்கு மேல் இருந்தால் நல்லது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சாய்வு நாற்காலி உறை, பின்னணி பாசிப்பச்சைக் கம்பளி. முக்கால்வாசியில் நூல் தீர்ந்துபோனது. அதே நிறுவனம், அதே எண், மறுபடி வாங்கினேன். பகலில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒன்றுதான். தைத்து முடித்தேன். ராத்திரி விளக்கைப் போட்டால் கீழ்க் கால்வாசி மட்டும் பழுப்படித்து நின்றது. மறுநாள் பகலில் மறுபடி ஒன்றாகிவிட்டது! பேய் பிடித்த நாற்காலி என்றே வீட்டில் பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போகும் இரண்டு சாயம் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும் என்பது பிறகுதான் புரிந்தது.

சாயக்காரர்

அப்படித்தான். கலவையில் ஒரு சாயத்தை மாற்றிவிட்டு அதே நிறத்தை வேறு வழியில் எட்டினால் இது நடக்கும். அதனால்தான் நூலைக் குறைந்தது இரண்டு வெளிச்சத்தில் பார்க்கச் சொல்வோம். குஷன் எந்த அறையில் இருக்கப் போகிறதோ அந்த அறையின் வெளிச்சம் இரண்டில் ஒன்றாக இருக்கட்டும்.

லாட் எண், அதாவது ஒரே தடவையில் சாயம் போட்ட நூல்களுக்கு இடும் எண், வேறாக வந்துவிட்டால் ஒரு தந்திரம் உண்டு. பழைய நூல் முழுவதும் தீரும்வரை காத்திருக்காமல், கடைசியில் ஒரு வரிசை பழையது, ஒரு வரிசை புதியது என்று மாற்றி மாற்றித் தைத்து மெல்ல உள்ளே நுழைக்க வேண்டும். பாஸ்கெட்வீவின் மூலைவாட்டு வரிசையில் இது நன்றாக மறையும். நேர்க்கோட்டில் நிறுத்தி நேர்க்கோட்டில் தொடங்கினால்தான் எல்லை தெரியும்.

கட்டம்போட்டவன்

பின்னணிக்கு எவ்வளவு நூல் என்று முதலிலேயே கணக்குப் போட்டு ஒரே லாட்டில் வாங்குவதுதான் என் வழி. ஒரு சதுர அங்குலம் தைத்துப் பாருங்கள், எத்தனை மீட்டர் போனது என்று அளந்துகொள்ளுங்கள். 13 கண் என்றால் ஒரு சதுர அங்குலத்தில் 169 தையல். உங்கள் 144 சதுர அங்குலத்தில் பறவை, நாணல் போக மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 96 சதுர அங்குலம் பின்னணி. 16,224 தையல். பயப்படாதீர்கள், ஒரே நாளில் யாரும் கேட்கவில்லை.

நூலாம்படை

வெள்ளெழுத்து ஐயா, நீங்கள் கேட்டது சரி. எல்லாமே ராத்திரி பதினோரு மணிக்குத் தேர்ந்தெடுத்தது.

அளந்தேன். ஒரு சதுர அங்குலத்துக்கு ஒன்றேகால் மீட்டர். 96-க்கு 120 மீட்டர். கட்டுக்கு 8 மீட்டர் என்றால் 15 கட்டு, முனை வெட்டுகிற சேதாரத்தோடு 18. இதையெல்லாம் பின்னணி நிறம் முடிவானால்தான் வாங்க முடியும், அதுதான் இன்னும் முடிவாகவில்லை. வானத்தை விட்டுவிட்டேன். கையில் மூன்று இருக்கிறது: 712 தந்த நிறம், 644 சாம்பல் கலந்த சந்தன நிறம், 934 கறுப்பு மாதிரி இருக்கும் பாசிப்பச்சை.

ஊசிமுனை

ஷேடு கார்டை, அதாவது நிறங்கள் வரிசையாக இருக்கும் கடை அட்டையை, பார்த்து முடிவு செய்யாதீர்கள். கட்டு நூலைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தும் செய்யாதீர்கள். கட்டாக இருக்கும்போது ஒரு நிறம், நூலாக ஒரு நிறம், தைத்த பிறகு ஒரு நிறம். கேன்வாஸின் ஓரத்தில் இரண்டு அங்குலம் வெறுமையாக விட்டிருப்பீர்களே, அங்கே பத்துக்குப் பத்து கட்டத்தில் மூன்றையும் தையுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் 995 நாலு தையல், 921 நாலு தையல், பிளாங்க் நாலு தையல், 939 நாலு தையல் வையுங்கள். பின்னணி தனியாக எப்படி இருக்கிறது என்பது கேள்வியே இல்லை. பறவையை அது என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

நூலாம்படை

இரண்டு நாள் ஆயிற்று. தைத்தேன், பகலிலும் பார்த்தேன், ராத்திரியும் பார்த்தேன், கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன், கறுப்பு வெள்ளைப் படமும் எடுத்தேன்.

712: மூன்றிலும் இதுதான் சேர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். தொண்டையின் வெள்ளை அதற்குள் கரைந்துபோனது. மீன்கொத்திக்குத் தொண்டையே இல்லை.

934: நீலமும் ஆரஞ்சும் விளக்கு வைத்த மாதிரி. ஆனால் 939 அப்படியே மறைந்துவிட்டது, வால் நுனி எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

644: முதலில் சப்பென்று இருந்தது. தனியாகப் பார்த்தால் தூசி படிந்த நிறம். ஆனால் வெள்ளை தெரிகிறது, 939 தெரிகிறது, நீலமும் ஆரஞ்சும் தனித்தனியாக நிற்கின்றன. ஆரஞ்சை ஒட்டிய இடத்தில் அந்தச் சாம்பல் கொஞ்சம் நீலமடிக்கிறது, சாயக்காரர் சொன்ன அந்த விஷயம்தானே இது?

சாயக்காரர்

அதேதான்.

ஆனாலும் என் ஓட்டு 934-க்கு. வால் நுனி மறைந்தால் மறையட்டும், எல்லா ஓரமும் தெரிய வேண்டும் என்று என்ன கட்டாயம்? இருட்டிலிருந்து பறவை பாதி வெளியே வந்த மாதிரி இருக்கும்.

முடிச்சு

அதிசயம், சாயக்காரரோடு ஒத்துப்போகிறேன். 934.

வெள்ளெழுத்து

இருவருக்கும் இளம் கண். வெள்ளைக் கேன்வாஸில் 16,000 தையல் கரும்பச்சை என்றால் ராத்திரியில் கண் எது, நூல் எது என்று தடவித்தான் தைக்க வேண்டும். அதோடு அழுத்தமான நிறத்துக்கு அடியில் வெள்ளைக் கேன்வாஸ் எட்டிப் பார்த்தால் எள் தெளித்த மாதிரி, அதுவும் வெள்ளை எள். போட்டே ஆக வேண்டும் என்றால் முதலில் அக்ரிலிக் வண்ணத்தை மெல்லியதாக அடித்து அந்த இடத்தைக் கருப்பாக்கிக்கொள்ளுங்கள், கண் அடைபடாமல். சாதாரண ஸ்கெட்ச் பேனா வேண்டாம். முடித்து நனைத்து இழுத்துக் கட்டும்போது மை ஊறி வெள்ளைத் தொண்டைக்கு வந்துவிடும்.

நூலாம்படை

நான் 644-ல் இறங்கிவிட்டேன். 934 அழகுதான், ஆனால் தைக்கப் போகிறவள் நான், எனக்கு ராத்திரி மட்டும்தான் நேரம். ஒரே லாட்டில் 18 கட்டு கிடைத்தது. 934-ஐ நாணலின் நிழலுக்கு வைத்துக்கொள்கிறேன், ஆளுக்குக் கொஞ்சம் சமாதானம்.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. குஷன் ஜன்னல் ஓரத்து நாற்காலியில் இருக்கும். வெளிறுமா?

சாயக்காரர்

வெளிறும். எல்லாமே வெளிறும், எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் கேள்வி. அருங்காட்சியகங்களில் துணிகளுக்கு 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் விடுவதில்லை, வெயில் நேரே விழும் ஜன்னலில் அதைப்போல் பல நூறு மடங்கு இருக்கும். பழைய ஐரோப்பியத் திரைச்சீலைகளில் மரமெல்லாம் நீலமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நெய்தபோது அவை பச்சைதான். நீலச் சாயத்தோடு மஞ்சளைச் சேர்த்துப் பச்சை வாங்கினார்கள். மஞ்சள் முதலில் வெளுத்துப் போக, நீலம் மட்டும் மிச்சம் நிற்கிறது. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் வெளிச்சம் படாததால் பழைய நிறம் பத்திரமாக இருக்கும்.

இன்றைய நூல்களின் சாயம் அவ்வளவு பலவீனம் இல்லை. ஆனாலும் குஷனை நாற்காலியின் நிழல் பக்கம் மாற்றி வையுங்கள்.

நூலாம்படை

மூன்று வாரம் கழித்து வருகிறேன். முதுகைப் பிரித்தேன், எனக்கு இரண்டு மாலை ஆனது, அழவில்லை. இப்போது 939, 995, 996, 3761, நடுவில் 3846 கலந்த இழைகள். சிறகு ஓரத்தில் 939-ம் 919-ம் ஒவ்வொரு வரிசை. பின்னணி மேலிருந்து நாலு அங்குலம் இறங்கியிருக்கிறது.

நேற்று அதே நாற்காலி, அதே கோடி. பறவை தெரிகிறது. அலகு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றுகூடத் தெரிகிறது. ஆரஞ்சை மாற்றவே இல்லை, அதே 921 தான், ஆனால் வீட்டில் "புது நூலா?" என்று கேட்டார்கள்.

கட்டம்போட்டவன்

கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று போடுங்கள், நான் அதைத்தான் நம்புவேன்.

பொத்தான்

சரி, மிச்சமான 823, 336, 3765, 3843 எல்லாம் சும்மாதானே கிடக்கிறது? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கிட்டை விட்டுவிட்டு நானே ஒன்று வரைந்து தொடங்கியிருக்கிறேன். நீலம்தான் போதவில்லை. ஒரு மீன்.

நூலாம்படை

மீனைக் கொண்டுவந்து மீன்கொத்தியிடமே நூல் கேட்கிறீர்களா?

முதலில் நாலு கட்டையும் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். அப்புறம் எத்தனை வேண்டும் என்று சொல்லுங்கள்.